மங்கி மஞ்சளான ஹெட்லைட்டை வீட்டிலேயே தெளிய வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரவில் சாலையோரம் நடந்து போகிறவர் நம் கண்ணில் படுவாரா என்பது பல நேரம் ஹெட்லைட்டின் மேல்தோல் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. என் காரில் தொடங்கி, சொந்தக்காரர்கள், நண்பர்கள் வண்டிகள் என்று பல ஹெட்லைட்டுகளைத் தேய்த்திருக்கிறேன். முதல் முறை செய்தபோது பளிச்சென்று வந்தது. ஐந்தாறு மாதத்தில் முன்பைவிட மோசமாக மஞ்சள் பூத்துவிட்டது. தேய்த்த பிறகு பூச வேண்டியதைப் பூசாமல் விட்டிருந்தேன். அந்தத் தவறு வேறு யாருக்கும் நேரக்கூடாது என்றுதான், என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறவற்றைப் பதிலோடு எழுதி வைக்கிறேன்.

ஹெட்லைட் ஏன் மஞ்சளாகிறது? அழுக்கா?

அழுக்கு இல்லை. அதனால்தான் எத்தனை முறை ஷாம்பு போட்டுக் கழுவினாலும் போவதில்லை.

இன்றைய ஹெட்லைட்டின் முன்பக்கம் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். கல் பட்டாலும் சட்டென்று உடையாது, எடை குறைவு, எப்படி வேண்டுமானாலும் வளைத்து வார்க்கலாம். ஆனால் இரண்டு குறைகள் அதற்கு உண்டு. மேற்பரப்பு மென்மையானது, சுலபமாகக் கீறல் விழும். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரையும் அதனால் தாங்க முடியாது. இந்த இரண்டுக்கும் மருந்தாகத் தொழிற்சாலையிலேயே கெட்டியான ஒரு தெளிபூச்சு பூசித்தான் அனுப்புகிறார்கள். தலைமுடியைவிட மெல்லிய பூச்சு அது.

வருடக்கணக்கான வெயில், காற்றோடு வந்து மோதும் மணல், கழுவும்போது உரசும் துணி எல்லாம் சேர்ந்து அந்தப் பூச்சை அரிக்கின்றன. நுண்ணிய விரிசல் விட்டு, திட்டுத் திட்டாக உரிய ஆரம்பிக்கிறது. அந்த இடங்களில் புற ஊதாக் கதிர் நேராகப் பிளாஸ்டிக்கில் இறங்கி அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கிறது. அறுந்த துண்டுகள் ஆக்சிஜனோடு சேர்ந்தும் வேறு விதமாக இணைந்தும் புதிய பொருள்களாகின்றன. அவை நீல ஒளியை விழுங்கிவிடுகின்றன. வெள்ளை ஒளியில் நீலம் போய்விட்டால் மிச்சம் மஞ்சளாகத்தானே தெரியும்.

உங்கள் வண்டியைக் கவனித்துப் பாருங்கள். வானத்தைப் பார்த்திருக்கும் மேல் விளிம்புதான் முதலில் கெட்டிருக்கும். கீழ்ப்பகுதி ஓரளவு தெளிவாக இருக்கும். தினமும் ஒரே இடத்தில் நிறுத்துகிற வண்டியாக இருந்தால், வெயில் அதிகம் விழும் பக்கத்து ஹெட்லைட் மற்றதைவிட மோசமாக இருக்கும்.

முன்பெல்லாம் இந்தத் தொல்லை இருந்ததில்லையே?

அப்போது லென்ஸ் கண்ணாடி. கண்ணாடி வெயிலில் மஞ்சளாகாது. பாலிகார்பனேட் 1953-இலேயே கண்டுபிடிக்கப்பட்டாலும் ஹெட்லைட்டுக்கு வர முப்பது ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவில் பல்பை மட்டும் தனியாக மாற்றக்கூடிய பிளாஸ்டிக் ஹெட்லைட்டுக்கு 1983-இல் அனுமதி கிடைத்து, 1984-ஆம் ஆண்டு மாடலான லிங்கன் மார்க் 7 கார் அதோடு வந்தது. பிறகு படிப்படியாக எல்லாரும் அதற்கே மாறினார்கள்.

உங்களுடையது பழைய வண்டி என்றால் விரல் நகத்தால் லென்ஸைத் தட்டிப் பாருங்கள். கிணுக்கென்று கேட்டால் கண்ணாடி. இங்கே சொல்லும் எதையும் அதன்மேல் செய்யாதீர்கள், தேய்க்கும் உப்புத்தாளான வாட்டர் பேப்பர் கீறலைத்தான் போடும்.

மங்கல் வெளியே இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

நன்றாகக் கழுவிக் காய விடுங்கள். பிறகு லென்ஸின்மேல் தண்ணீரைத் தாராளமாகத் தெளித்துப் பாருங்கள். ஈரமாக இருக்கும்வரை தெளிந்து, காய்ந்ததும் மறுபடி மங்கினால் கோளாறு வெளியே இருக்கிறது. மேற்பரப்பிலுள்ள நுண்கீறல்களைத் தண்ணீர் நிரப்புவதால் வரும் தெளிவு அது. வேலை முடிந்தபின் லென்ஸ் எப்படி இருக்கும் என்பதற்கும் அதுவே ஏறக்குறைய முன்னோட்டம்.

தண்ணீர் ஊற்றியும் மாற்றம் இல்லை என்றால் இரண்டு வாய்ப்புகள். மஞ்சள் ஆழமாக இறங்கியிருக்கலாம், அல்லது உள்பக்கம் ஆவி, தூசி படிந்திருக்கலாம். விரலை வெளியே வைத்துக்கொண்டு பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் படலம் விரலை ஒட்டி இருக்கிறதா, தள்ளி இருக்கிறதா என்று தெரியும்.

வெளிச்சம் அப்படி எவ்வளவு குறைந்துவிடும்? பார்க்க அசிங்கமாக இருப்பது மட்டும்தானே?

அப்படி நினைத்துத்தான் பலர் ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2018-இல் சோதித்துப் பார்த்தபோது, மோசமாக மங்கிய ஹெட்லைட்டுகள் புதிதாக இருக்கும்போது தந்த வெளிச்சத்தில் சுமார் 20 சதவீதமே தந்தன. தேய்த்துத் தெளிய வைத்த பிறகு அது ஏறக்குறைய 70 சதவீதம்வரை திரும்பியது. வண்டி நிறுவனத்தின் புதிய லென்ஸ் தருகிற முழு அளவுக்கு வரவில்லைதான். ஆனால் 20-க்கும் 70-க்கும் நடுவில் இருப்பது, சாலையைக் கடப்பவரை நேரத்தில் பார்த்து பிரேக் மிதிப்பதற்கான தூரம்.

வெளிச்சம் குறைவதோடு முடிவதில்லை. மங்கிய லென்ஸ் ஒளியைச் சிதறடிக்கிறது. சாலையில் விழ வேண்டியது எதிரே வருகிறவர் கண்ணில் விழுகிறது. நமக்கும் தெரியாது, அவருக்கும் கூசும். கண்ணில் புரை விழுந்தவருக்கு விளக்கைப் பார்த்தால் எப்படிக் கூசுமோ, ஏறக்குறைய அதே கதை.

பற்பசை போட்டால் போகும் என்கிறார்களே?

கொஞ்சம் போகும், கொஞ்ச நாளைக்கு. பற்பசையில் பல் துலக்குவதற்காகச் சேர்க்கும் நுண்துகள்கள் மேலோட்டமான மங்கலை அரைத்து எடுக்கும். அதனால் செய்த அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும். ஆழமாக இறங்கிய மஞ்சளுக்கும், பாதி உரிந்து நிற்கும் பழைய பூச்சுக்கும் அதில் மருந்து கிடையாது. அவசரத்துக்கு, அன்றிரவே ஒரு பயணம் போக வேண்டியிருக்கிறது என்றால் செய்துகொள்ளுங்கள், தவறில்லை.

சமையல் சோடாவும் வினிகரும் கலந்தால் பொங்குவதைப் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அந்தப் பொங்கலில் இரண்டும் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்துவிடுகின்றன. எண்ணெய் வகைகள், துரு நீக்கும் ஸ்பிரே எல்லாம் கீறலை நிரப்பி மினுக்குகிறவை மட்டுமே. மழையோடு போய்விடும்.

கொசுவிரட்டி ஸ்பிரேயை மட்டும் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். டீட் கலந்த கொசுவிரட்டி பிளாஸ்டிக்கைக் கரைக்கும் தன்மை உள்ளது. மேல்தோலைக் கரைத்து இளக்குவதால்தான் அது ‘சுத்தம்’ செய்வது போலத் தெரிகிறது. சொட்டி பெயின்ட்டில் விழுந்தால் அதையும் கெடுக்கும். பெட்ரோல், தின்னர், அசிட்டோன் மூன்றுக்கும் இதே எச்சரிக்கை. துடைத்தபோது ஒன்றும் தெரியாது, பிறகு பாலிகார்பனேட் முழுக்க மயிரிழை வெடிப்பு ஓடும்.

சரி, முறையாகச் செய்ய என்னென்ன வேண்டும்?

தண்ணீரில் நனைத்துத் தேய்க்கக்கூடிய வாட்டர் பேப்பர் பல நம்பர்களில், மாஸ்கிங் டேப், தண்ணீர் தெளிக்கும் பாட்டில், பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு, பிளாஸ்டிக்குக்கு ஏற்ற பாலிஷ், மைக்ரோபைபர் துணிகள், துடைக்க ஐசோபிரோபைல் ஆல்கஹால், கையுறை, கண்ணுக்குக் காப்பு. இவற்றோடு புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு. கடைசியில் சொன்ன அந்தப் பூச்சு கையில் இல்லாமல் வேலையை ஆரம்பிக்காதீர்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள். ஏன் என்பதைப் பூச்சு பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

இதற்கென்றே விற்கும் கிட் வாங்கினால் பெரும்பாலும் எல்லாம் அதிலேயே இருக்கும். வாங்குமுன் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். தேய்க்கும் பொருள்கள் மட்டும் இருந்து, பாதுகாப்புப் பூச்சு இல்லாத கிட்டும் உண்டு.

எந்த நம்பர் பேப்பரில் தொடங்குவது?

நம்பர் குறையக் குறையச் சொரசொரப்பு அதிகம். பழைய பூச்சு உரிந்து திட்டுத் திட்டாக இருந்தால் 400 அல்லது 600. பூச்சு இருக்கிறது, வெறும் மங்கல்தான் என்றால் 800 அல்லது 1000. சந்தேகமாக இருந்தால் நைஸான நம்பரில் ஓர் ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் மாற்றம் தெரியவில்லை என்றால் ஒரு படி இறங்கலாம். தேவையில்லாமல் 400-இல் தொடங்கினால், அது போடும் ஆழமான கீறலை எடுக்கவே கூடுதலாக ஒரு மணி நேரம் உழைக்க வேண்டும்.

தேய்ப்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

முதலில் ஹெட்லைட்டை அணைத்து, சூடு ஆறவிட்டு, வண்டியை நிழலில் நிறுத்திக் கழுவுங்கள். லென்ஸைச் சுற்றியுள்ள பெயின்ட், பம்பர், பானட் விளிம்பு எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டுங்கள். ஒரே ஒரு முறை கை சறுக்கினால் போதும், பெயின்ட்டில் தழும்பு விழுந்துவிடும். பானட் மூடியிருக்கும்போது லென்ஸின் மேல் விளிம்பு மறைந்துவிடுகிற வண்டிகள் உண்டு. அங்கே பானட்டைத் திறந்து வைத்துச் செய்தால் விளிம்புவரை கை போகும்.

பேப்பரைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறப் போடுங்கள். தெளிக்கும் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவத்தை இரண்டு சொட்டு விட்டால் பேப்பர் வழுக்கிக்கொண்டு போகும். லென்ஸ் எப்போதும் ஈரமாகவே இருக்கட்டும். காய்ந்த லென்ஸில் தேய்த்தால் அரைபட்ட தூள் பேப்பரில் அடைத்துக்கொண்டு ஆழமான கோடுகளைப் போடும், தூள் மூச்சிலும் போகும்.

முதல் நம்பரை இடமிருந்து வலமாக மட்டும் தேயுங்கள். விரல் நுனியால் அழுத்தினால் அந்த இடம் பள்ளமாகும், உள்ளங்கையைப் பரப்பியோ, மெல்லிய ஸ்பாஞ்சில் பேப்பரைச் சுற்றியோ தேயுங்கள். வழிந்து வரும் தண்ணீரைப் பாருங்கள். ஆரம்பத்தில் மஞ்சள் கலந்த பால் போல வரும். அது சுத்த வெள்ளையாக மாறி, லென்ஸ் முழுவதும் ஒரே சீரான மங்கலாகத் தெரியும்வரை விடாதீர்கள். பழைய பூச்சு ஒரு ஓரத்தில் மிச்சம் இருந்தால், காய்ந்த பிறகு அதன் எல்லை வரைபடக் கோடு போலத் தெரியும். அந்தக் கோடு இருக்கும்வரை அடுத்த நம்பருக்குப் போக வேண்டாம்.

இந்தக் கட்டத்தில் லென்ஸ் முன்பைவிட மோசமாக, உறைபனி படிந்தது போல இருக்கும். பலர் பயந்துபோய் எனக்குப் போன் செய்வது இங்கேதான். பயப்பட வேண்டாம், இப்படித்தான் இருக்க வேண்டும்.

அடுத்த நம்பருக்குப் போகும்போது லென்ஸை நன்றாக அலம்பிவிட்டு, திசையை மாற்றி மேலும் கீழுமாகத் தேயுங்கள். பழைய பேப்பரின் படுக்கைக் கோடுகள் எல்லாம் மறைந்து புதிய நெடுக்கைக் கோடுகள் மட்டும் தெரிந்தால் அந்த நம்பரின் வேலை முடிந்தது. பிறகு மறுபடி திசை மாற்றம். 600-இல் தொடங்கினால் 1000, 1500, 2000, 3000 என்று போகலாம். நடுவில் ஒன்றைத் தாண்டினால் எங்கோ ஒரு கீறல் மிஞ்சி நிற்கும். எதுவரை போவது என்பது நீங்கள் பூசப்போகும் பூச்சைப் பொறுத்தது, அதையும் கீழே சொல்கிறேன்.

சில லென்ஸ்களின் மேல் சின்னச் சின்ன எழுத்துகளோ புடைப்புகளோ வார்க்கப்பட்டிருக்கும். அவை தர முத்திரைகள், விளக்கைச் சரிசெய்ய உதவும் குறிகள். அவற்றைச் சுற்றி மெதுவாகப் போங்கள், அரைத்து எடுத்துவிடாதீர்கள்.

மெஷின் வைத்துச் செய்யலாமா?

செய்யலாம், வேகம் குறைவாக இருந்தால். டிரில்லில் மாட்டும் ஸ்பாஞ்ச் பேடு பாலிஷ் கட்டத்துக்கு நல்ல உதவி, கை வலி மிச்சம். ஒரே இடத்தில் நிறுத்தினால் உராய்வுச் சூட்டில் பிளாஸ்டிக் இளகிப் பொசுங்கிய தழும்பு விழும், அதை எடுப்பது பெரும் பாடு. கையை நகர்த்திக்கொண்டே இருங்கள். லென்ஸைத் தொட்டால் இளஞ்சூட்டுக்கு மேல் போகக்கூடாது. தேய்க்கும் கட்டத்தை, முதல்முறை செய்கிறவர்கள் கையாலேயே செய்வது நல்லது.

தேய்த்ததும் கண்ணாடி போல ஆகிவிட்டது. பூச்சு கட்டாயமா?

கட்டாயம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

நீங்கள் தேய்த்து எடுத்தது மஞ்சளை மட்டுமல்ல. தொழிற்சாலைப் பூச்சில் மிச்சம் இருந்ததையும் சேர்த்துத்தான் எடுத்திருக்கிறீர்கள். இப்போது வெயிலில் நிற்பது தோலுரித்த பிளாஸ்டிக். அரைகுறையாகவாவது தடுத்துக்கொண்டிருந்த கவசமும் போய்விட்டதால், அடுத்த மஞ்சள் முன்பைவிட வேகமாக வரும். ‘நானும் தேய்த்துப் பார்த்தேன், நாலு மாதம்கூட நிற்கவில்லை’ என்று சொல்கிறவர்களிடம் என்ன பூசினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றும் பூசியிருக்க மாட்டார்கள், அல்லது வாக்ஸ் தடவியிருப்பார்கள்.

பூச்சு வகைகளில் எளிதானது துணியால் தடவிக் காயவிடுவது. கிட்டுகளில் சின்னப் பாட்டிலிலோ ஈரத் துணியாகவோ வரும். 3000 நம்பர்வரை தேய்த்து, பாலிஷ் போட்டு, ஆல்கஹாலால் துடைத்த பிறகு ஒரே திசையில், போன இடத்துக்குத் திரும்பாமல் தடவ வேண்டும். திரும்பப் போனால் கோடு விழும். ஏறக்குறைய ஒரு வருடம் தாங்கும், பிறகு புதுப்பிக்க வேண்டும்.

நீண்ட நாள் தாங்குவது ஸ்பிரே கிளியர் கோட், அதாவது டப்பாவிலிருந்து அடிக்கும் தெளிபூச்சு. இதில் ஒற்றைக் கூறு, இரட்டைக் கூறு என இரண்டு உண்டு. இரட்டைக் கூறை 2கே என்பார்கள். டப்பாவின் அடியிலுள்ள பொத்தானை அழுத்தியதும் கெட்டியாக்கும் திரவம் உள்ளே கலக்கும். அது ரசாயன முறையில் இறுகுவதால் பெட்ரோல் பட்டாலும் கரையாது, சில வருடங்கள் நிற்கும். எதை வாங்கினாலும் டப்பாவில் புற ஊதாத் தடுப்பு உண்டு என்று எழுதியிருக்க வேண்டும். மரத்துக்கும் இரும்புக்கும் அடிக்கும் சாதாரண கிளியர் சீக்கிரமே தானும் மஞ்சளாகி, உரியவும் செய்யும்.

ஸ்பிரே அடிப்பதாக இருந்தால் 3000 நம்பர்வரை போகக்கூடாது, பாலிஷும் போடக்கூடாது. 800 அல்லது 1000-இலேயே நிறுத்திவிடுங்கள். வழுவழுப்பான தரையில் பெயின்ட் பிடிக்காது அல்லவா, பூச்சுக்கும் பிடிமானம் வேண்டும். அந்த நுண்கீறல்களைக் கிளியரே நிரப்பித் தெளிய வைத்துவிடும், தண்ணீர் தெளித்துப் பார்த்தோமே, அதே தத்துவம்.

காற்றும் தூசியும் இல்லாத நிழலில், குளிரும் இல்லாமல் கொதிக்கவும் செய்யாத வேளையில் அடியுங்கள். கார் முழுவதையும் பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள், ஸ்பிரேயின் பனி நீங்கள் நினைப்பதைவிடத் தூரம் போகும். 15 முதல் 20 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, முதல் கை மேலோட்டமாக ஒரு தூவல் மட்டும். ஐந்து பத்து நிமிடம் விட்டு இரண்டாவது கை நனைந்த மாதிரி, பிறகு மூன்றாவது. லென்ஸுக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, லென்ஸைக் கடந்து வெளியே போய் விடுவித்தால் ஒழுகல் வராது. ஒரு நாள் முழுக்க எதுவும் படாமல் விடுங்கள். ஒரு வாரம் கழுவ வேண்டாம்.

மூன்றாவது வழி, தெளிந்த பாதுகாப்பு பிலிம் ஒட்டுவது. கல்லடியையும் தாங்கும், கெட்டால் உரித்துவிட்டு வேறு ஒட்டலாம். வளைவு அதிகமான லென்ஸில் சுருக்கமில்லாமல் ஒட்டப் பழக்கம் வேண்டும்.

2கே ஸ்பிரே ஆபத்தானது என்கிறார்களே?

உண்மைதான், இதை லேசாக எடுக்காதீர்கள். அதன் கெட்டியாக்கியில் ஐசோசயனேட் இருக்கிறது. அதை மூச்சில் இழுத்தால் நுரையீரலில் ஒவ்வாமை ஏற்பட்டு ஆஸ்துமாவாக நிலைத்துவிடலாம். துணி முகக்கவசமும் தூசி மாஸ்க்கும் இதற்குப் போதாது. பெயின்ட் ஆவிக்கான கரிம வடிகட்டி பொருத்திய, முகத்தோடு ஒட்டி உட்காரும் சுவாசக் கவசம், கண்ணாடி, கையுறை எல்லாம் வேண்டும். திறந்த வெளியில், குழந்தைகளும் மற்றவர்களும் பக்கத்தில் இல்லாத நேரத்தில் அடிக்க வேண்டும். அந்தக் கவசம் உங்களிடம் இல்லையென்றால் தடவும் பூச்சைப் பயன்படுத்துங்கள். வருடம் ஒரு முறை தடவுவது பெரிய வேலை இல்லை.

கெண்டி போன்ற கோப்பையில் ஆவி விட்டு நொடியில் தெளிய வைக்கும் வீடியோ பார்த்தேன். அது?

வேண்டாம். அந்தத் திரவங்களில் பொதுவாக இருப்பது குளோரோபார்ம் அல்லது டைகுளோரோமீத்தேன். அதன் சூடான ஆவி மேல்தோலை உருக்கி வழவழப்பாக்குகிறது, அதனால்தான் கண்ணெதிரே தெளிகிறது. இரண்டும் உடலுக்குக் கேடானவை. குளோரோபார்ம் ஆவி தீச்சுடரில் பட்டால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். லென்ஸின் மேல் அழுத்தம் தேங்கி வெடிப்பு விடவும் வாய்ப்பு உண்டு. இவ்வளவு செய்தும் புற ஊதாத் தடுப்பு எதுவும் மேலே ஏறுவதில்லை.

பூச்சு அடித்ததும் பால் போல வெளுத்துவிட்டது / ஒழுகிவிட்டது. என்ன செய்வது?

வெளுப்பு பெரும்பாலும் ஈரத்தால் வருவது. லென்ஸ் ஓரத்தில் தண்ணீர் தேங்கியிருக்கும், அல்லது ஈரப்பதம் மிகுந்த நாளில் அடித்திருப்பீர்கள். மெல்லிய வெளுப்பு காயக் காயத் தானாகவே போவதும் உண்டு. ஒழுகலை அப்போதே துடைக்கப் போகாதீர்கள், இன்னும் கெடும். இரண்டு நாள் முழுதாக இறுக விட்டு, 2000 நம்பரில் ஒழுகிய இடத்தை மட்டும் ஈரத்தோடு சமன் செய்து பாலிஷ் போட்டால் சரியாகும். மீன் கண் மாதிரி வட்ட வட்டமாகப் பூச்சு விலகியிருந்தால் கை எண்ணெயோ சிலிகான் பாலிஷோ மிச்சம் இருந்திருக்கிறது. அதற்கு எல்லாவற்றையும் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி அடிப்பதைத் தவிர வழியில்லை.

உள்பக்கம் நீராவி படிகிறது. அதையும் தேய்க்க முடியுமா?

மழைக்கோ குளிருக்கோ லேசாகப் படிந்து, விளக்கு எரிந்ததும் மறைந்தால் அது இயல்பு. ஹெட்லைட்டுக்குக் காற்றோட்டத் துளைகள் உண்டு. சொட்டுச் சொட்டாக நின்றாலோ அடியில் தண்ணீர் தேங்கினாலோ பின்பக்க ரப்பர் மூடி, பல்பு வளையம், லென்ஸ் ஒட்டு இவற்றில் ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது. முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

உள்பக்கத்தைச் சுத்தம் செய்ய லென்ஸைப் பிரிக்க வேண்டும். சூடு காட்டினால் இளகும் ஒட்டுப் பசை இருந்தால் பிரிக்கலாம், இறுகிய பசை போட்டு ஒட்டியிருந்தால் பிரிக்கும்போதே உடையும். பழக்கம் இல்லாதவர்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை. பல்பு துளை வழியாகத் துணி விட்டுத் துடைப்பதும் வேண்டாம். உள்ளேயிருக்கும் வெள்ளிப் பிரதிபலிப்பான் தொட்டாலே கீறிவிடும்.

லென்ஸுக்குள் சிலந்திவலை மாதிரி மெல்லிய கோடுகள் தெரிகின்றனவே?

நகத்தால் நெருடிப் பாருங்கள். தட்டுப்பட்டால் அவை பூச்சின் விரிசல்களாக இருக்கலாம், தேய்த்தால் போகும். தட்டுப்படாமல் வெளிச்சத்தில் மட்டும் மின்னினால் பிளாஸ்டிக்கின் உள்ளேயே வெடிப்பு ஓடியிருக்கிறது. தேய்த்துத் தீராது. மேற்புறம் தெளிந்ததும் அவை இன்னும் எடுப்பாகத் தெரியும் என்பதால் முன்கூட்டியே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

அப்படியானால் எப்போது புதிதாக மாற்றுவது?

உள்வெடிப்பு, உடைசல், நிற்காத தண்ணீர்க் கசிவு, கறுத்துப் பொரிந்த பிரதிபலிப்பான் இவற்றில் ஒன்று இருந்தாலும் மாற்றிவிடுங்கள். பிரதிபலிப்பான் கறுப்பது, பெரும்பாலும் நிர்ணயித்ததைவிட அதிக வாட் பல்பு போட்டதால் நேர்கிறது. மாற்றும்போது வண்டி நிறுவனத்தின் அசல் பாகம் கிடைத்தால் அதையே வாங்குங்கள். நகல்களில் ஒளி விழும் ஒழுங்கு அவ்வளவு சீராக இருப்பதில்லை.

எத்தனை தடவை இப்படித் தேய்க்கலாம்?

லென்ஸ் சில மில்லிமீட்டர் தடிமன், நீங்கள் எடுப்பது அதில் மிகச் சிறு பங்கு. அதனால் சில தடவை தாராளமாகச் செய்யலாம். பூச்சை அவ்வப்போது புதுப்பித்து வந்தால் 400 நம்பருக்கு மறுபடி போக வேண்டிய தேவையே வராது.

ஒரு பக்கம்தான் மங்கியிருக்கிறது. அதை மட்டும் செய்தால் போதுமா?

இரண்டையும் செய்யுங்கள். மற்றதும் அதே வயதுதான்.

தெளிந்த பிறகும் வெளிச்சம் போதவில்லையே?

பல்பைப் பாருங்கள். ஹாலஜன் பல்பு எரிய எரிய மங்கும், பியூஸ் போகும்வரை யாரும் கவனிப்பதில்லை. இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள், கண்ணாடிக் குமிழை வெறும் விரலால் தொடாமல். விரலின் எண்ணெய்ப்பசை பட்ட இடம் அதிகமாகச் சூடேறிப் பல்பு சீக்கிரம் போய்விடும். இதற்கு முன் ‘வெளிச்சம் பத்தவில்லை’ என்று யாராவது ஹெட்லைட்டின் ஒளி மேலே விழும்படி தூக்கி வைத்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

ஆகவே வேலை முடிந்த அன்றிரவு, சமதரையில், ஒரு சுவரிலிருந்து ஏழெட்டு மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி டிம் போட்டுப் பாருங்கள். மங்கலாக இருந்தபோது கலங்கித் தெரிந்த ஒளியின் மேல் எல்லை இப்போது கோடு கிழித்தது போலத் தெரியும். அந்தக் கோடு ஹெட்லைட்டின் மையத்தைவிடச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். மேலே இருந்தால் ஹெட்லைட்டின் பின்னாலுள்ள திருகைத் திருப்பி இறக்குங்கள். எவ்வளவு இறக்குவது என்ற அளவு வண்டிக் கையேட்டில் இருக்கும். தெளிந்த லென்ஸ் வழியாக இப்போது போவது முன்பைவிடப் பல மடங்கு ஒளி, அது எதிரே வருகிறவர் முகத்தில் விழாமல் சாலையில் விழுகிறதா என்று பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.